மாடி வாடகை

எனக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. பாடம் நடத்தும்போது நடை, தொலைபேசியில் பேசும்போது நடை, சோறு வேகும்வரைக்கும் நடை. "ஒனக்குக் காலுல சக்கரமா கட்டியிருக்கு" என்று அப்பா திட்டுவார். நாங்கள் குடியிருந்தது தலவாக்கலை பஜாரில் ஒரு பழைய கட்டடத்தின் மாடி. தரை முழுவதும் பலகை. நான் மேலே ஓர் அடி வைத்தால் கீழே இருப்பவருக்கு இரண்டடியாகக் கேட்கும். கீழே இருப்பவர் அந்தக் கட்டடத்தின் சொந்தக்காரி. என் நடை அளவு மீறினால் ஒட்டடைக் கம்பை எடுத்துத் தன் தலைக்கு மேலுள்ள பலகையை இரண்டு முறை இடிப்பார். நான் கொஞ்ச நேரம் நிற்பேன். பிறகு மறுபடியும் நடப்பேன். நாற்பது வருடத்துக்கு மேலாக எங்கள் இருவருக்கும் இடையே நடந்த பேச்சுவார்த்தை பெரும்பாலும் இவ்வளவுதான்.

அவரை எல்லாரும் முதலாளியம்மா என்பார்கள். இறந்துபோன அவர் கணவர் கீழே முன்பக்கத்தில் துணிக்கடை வைத்திருந்தவர். அப்பா லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, தேயிலை மலை வேண்டாம் என்று தையல் பழகி, அந்தத் துணிக்கடை வாசலில் மெஷின் போட்டு உட்கார்ந்தவர். கடையில் துணி எடுப்பவர்கள் வாசலிலேயே அளவு கொடுத்துவிட்டுப் போவார்கள். இரண்டு பேருக்கும் லாபம். அந்தப் பழக்கத்தில்தான் முதலாளி மாடியை எங்களுக்கு வாடகைக்கு விட்டார். அந்தக் காசுக்கு அப்போது ஒரு மூட்டை அரிசி வாங்கலாமாம்.

பிறகு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் எங்கள் மாடியைப் பிடித்துக்கொண்டது. வாடகையைக் கூட்டக் கூடாது, ஆளைக் கிளப்பக் கூடாது. அரிசி விலை எங்கோ போய்விட்டது, வாடகை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. இன்றைக்கு அதே காசுக்கு பஸ் நிலையத்துக் கடையில் இரண்டு பிளேன்டீயும் இரண்டு வடையும் சாப்பிடலாம். பக்கத்துக் கட்டடத்தில் ஓர் அறைக்கு ஒரு மாதத்துக்குக் கேட்கிற வாடகையில் எங்கள் பத்து வருட வாடகை அடங்கிவிடும்.

இதில் எனக்குப் பெருமை இருந்ததில்லை. நிம்மதியும் இருந்ததில்லை. வாடகையைக் கூட்ட முடியாத முதலாளி கூரைத் தகரத்தை மாற்றவில்லை. தகரத்தை மாற்றாதவருக்கு நான் ஏன் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று அப்பா விட்டுவிட்டார். மழை வந்தால் ஏழு இடத்தில் ஒழுகும். நாங்கள் வைக்கிற பாத்திரங்கள்தான் முதலாளியம்மாவின் கட்டிலையும் நனையாமல் காத்தன. எங்கள் வரிசையில் எல்லாக் கதையும் இதே கதைதான். இரண்டு கதவு தள்ளி ஒரு குடும்பம் வத்தளையில் வீடு கட்டிக்கொண்டு போய் எத்தனையோ வருடமாகிறது. பழைய வாடகை போய்விடுமே என்று இங்கே அறையைப் பூட்டியே வைத்திருக்கிறார்கள். அந்தப் பூட்டைத் தாண்டித்தான் என்னோடு படிப்பிக்கிற சின்ன டீச்சர் ஒருத்தி வாடகை அறை தேடிப் பஜார் முழுக்க அலைந்தாள். ஒரு வருட முற்பணம் கேட்டார்கள். அவள் இன்னமும் நானுஓயாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள். எனக்கே கம்பளையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல இடம். நான் போனால் அப்பாவுக்குப் பிறகு மாடி கைவிட்டுப் போகும் என்று நான் யோசித்துக்கொண்டே இருந்ததில், அவர்கள் வேறு இடம் பார்த்துவிட்டார்கள். வீடு இருக்கிறதே என்று இருந்துவிட்டேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

இனி நாங்கள் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். வருடா வருடம் வாக்காளர் பட்டியலுக்காக, இடாப்பு என்போம், கிராம சேவகர் ஒரு படிவம் கொண்டுவருவார். வீட்டில் யார் யார் குடியிருக்கிறீர்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அப்பா தன் பேரை மட்டும் எழுதுவார். என் பேரும், இருந்தவரைக்கும் அம்மாவின் பேரும், லிந்துலையில் தோட்டத்து வரிசை வீடுகளில், சித்தப்பாவின் லயத்துக் காம்பராவில் பதிந்திருந்தன. தோட்டத்தில் பேர் இருந்தால்தான் என்றைக்காவது அரசாங்கம் வீடு கட்ட ஏழு பேர்ச் காணி கொடுக்கும்போது கேட்க முடியும் என்பது அப்பாவின் யோசனை. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் இதையேதான் செய்கிறார்கள். ஆள் கொழும்பில் இருக்கும், பேர் லயத்தில் இருக்கும்.

அப்பாவைக் குறை சொல்வதற்கு முன் இதையும் சொல்லிவிட வேண்டும். அவர் இந்த நாட்டில் பிறந்தும் குடியுரிமை இல்லாமல், எந்தப் பட்டியலிலும் இல்லாமல் வளர்ந்தவர். தோட்டத்தில் செக்ரோல் என்கிற வேலையாள் பதிவில் பேர் வெட்டினால் வேலை போகும், அதோடு காம்பராவும் போகும் என்று பார்த்தவர். "எங்கயாச்சும் ஒரு பேரு பதிஞ்சிருந்தா அத வெட்ட மட்டும் விட்றாத" என்பார். நான் படித்தவள். அடையாள அட்டையில் லயத்து விலாசம் இருப்பது ஒருநாள் காலை வாரும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தேன். அந்த ஏழு பேர்ச்சில் ஒரு கொய்யா மரம் நடுவதாக எனக்கும் ஓர் ஆசை இருந்தது.

போன வருடம் பெருமழை தொடங்கிய வாரத்தில் அப்பா போனார். முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த மறுநாள் முதலாளியம்மாவின் மகன் கொழும்பிலிருந்து வந்து மாடி ஏறினார். இரும்புக் கடை வைத்திருப்பவர், மரியாதையான மனிதர். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். ஒழுகிய தகரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"டீச்சர், அப்பா இருந்த வரைக்கும் நான் ஒரு வார்த்த சொல்லல. வாடகைக்காரரு அவரு. சட்டமும் அவரு பக்கம் இருந்துச்சு. நீங்க பதிவுல இருக்கிறது லிந்துலையில. மூணு மாசம் எடுத்துக்கங்க. சாமான் ஏத்துற லொறிச் செலவு நான் தாரேன்."

"நான் இங்கதான் பொறந்து வளர்ந்தேன். ஒங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியுங்க. படிவத்துல இல்லையே."

இடித்துவிட்டு நாலு மாடி கட்டி, சுற்றுலா வருகிறவர்களுக்கு அறை விடுவது அவர் திட்டம். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். இது அவர் மேல் எனக்கு வந்த கோபத்தைக் குறைக்கவில்லை. அன்றைக்கு நான் கொடுத்த வாடகையையும் அவர் வாங்கவில்லை. வாங்கினால் என்னை வாடகைக்காரியாக ஒத்துக்கொண்டதாகிவிடுமாம்.

ஹட்டனில் ஒரு சட்டத்தரணியைப் போய்ப் பார்த்தேன். தகப்பனோடு அதே வீட்டில் குடியிருந்த பிள்ளைக்குத் தகப்பனுக்குப் பிறகும் அந்த உரிமை உண்டு, குடியிருந்ததை மட்டும் காட்டு என்றார். வாடகையை வீட்டுக்காரர் வாங்க மறுத்தால் உள்ளூராட்சிச் சபையில் கட்டி ரசீது எடுத்து வை, விடாதே என்றார். மறுநாளே கட்டினேன். மாதம் தவறாமல் கட்டினேன். ரசீதுகளை அப்பாவின் தையல் மெஷின் டிராயரில் அடுக்கி வைத்தேன். எங்கள் ஊரில் வீட்டுக்காரரோடு முறுகல் வந்த எல்லாரும் இப்படித்தான் செய்வார்கள். எனக்கு அது பெரிய கெட்டித்தனமாகத் தெரிந்தது.

குடியிருந்ததைக் காட்டுவதுதான் முடியாமல் போனது. கிராம சேவகர் சிங்களவர், நல்ல மனிதர், என்னைச் சிறு வயதிலிருந்து தெரிந்தவர். பேரேட்டைத் திறந்து விரலால் தேடிப் பார்த்துவிட்டு, தெரிந்தது வேறு எழுத முடிவது வேறு டீச்சர் என்று சிங்களத்தில் சொன்னார். மின்சார பில் அப்பா பேரில். சம்பளச் சீட்டில் லயத்து விலாசம். கீழே துணிக்கடை இருந்த இடத்தில் இப்போது போன் கடை வைத்திருப்பவரிடம் ஒரு கடிதம் கேட்டேன்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. நீங்க குடுக்கிற வாடகையும் நான் குடுக்கிற வாடகையும் ஒரே கட்டடத்துக்கா? மொதலாளியம்மா மகன் என் அக்ரிமென்ட்டப் புதுப்பிக்க மாட்டாரு" என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. திரும்பி வந்து மாடியில் ஒரு மணி நேரம் நடந்தேன். கீழேயிருந்து கம்பு இடிக்கவில்லை.

இதற்கு நடுவில் சித்தப்பா வாரத்துக்கு இரண்டு முறை போன் எடுத்தார். "பேர மட்டும் இப்ப மாத்திராத. காணி லிஸ்ட் வருதுன்னு பேசிக்கிறாங்க." அந்த லிஸ்ட் நான் பத்தாம் வகுப்புப் படித்த காலத்திலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. ஆனாலும் பயம் விடவில்லை. லயத்தில் இருக்கிறேன் என்றால் மாடி போகும். மாடியில் இருக்கிறேன் என்றால் காணி போகும். இரண்டையும் பிடித்துக்கொண்டு நின்றதில் ஒன்றும் கையில் இல்லாமல் போகப் போகிறது என்று புரிந்தபோது, செத்துப்போன அப்பாவோடு வாய்விட்டுச் சண்டை போட்டேன். "ஒரு பேரு, ஒரே ஒரு பேரு எழுத ஒங்களுக்கு என்னாங்கப்பா வந்துச்சு?" கீழே முதலாளியம்மாவுக்கு அதுவும் கேட்டிருக்கும்.

எட்டாவது மாதம் மகன் மத்தியஸ்த சபைக்கு எழுதிப் போட்டார். அது வழக்குக்குப் போகாமல் பேசித் தீர்க்கிற இடம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பள்ளிக்கூடத்தில் கூடுவார்கள். சட்டத்தரணி வரக் கூடாது, சம்பந்தப்பட்டவர்களே வந்து பேச வேண்டும். கட்டடம் தாய் பேரில் இருந்ததால் மகன் முதலாளியம்மாவையும் முச்சக்கர வண்டியில் ஏற்றிக் கூட்டி வந்தார். பல வருடத்துக்குப் பிறகு அவரை வெளிச்சத்தில் பார்த்தேன். என் மனதில் இருந்ததில் பாதி ஆளாக இருந்தார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டைக் கதிரைகளில் எல்லாரும் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்தோம். நான் மட்டும் எழுந்து எழுந்து நின்றேன். இருங்க டீச்சர், இருங்க என்று மூன்று முறை சொன்னார்கள்.

நடுவில் இருந்த மத்தியஸ்தர் ஓய்வு பெற்ற தபால் அதிபர். மகன் பேசி முடித்ததும் அவர் முதலாளியம்மாவைப் பார்த்தார்.

"அம்மா, மாடி வீட்டுல யாரு யாரு இருந்தாங்க?"

"தையக்காரரும் இந்தப் புள்ளையும்."

மகன் குனிந்து, "அவங்க பதிவு லிந்துலையில இருக்கும்மா" என்றார்.

"பதிவு எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுப்பா. காலு என் தலைக்கு மேல இருந்துச்சு."

தபால் அதிபர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க மேல போய்ப் பாத்தீங்களா?"

"முட்டி வலியில நான் படி ஏறி எவ்வளவோ வருசமாச்சுங்க. பாக்கணுமா? காலையில அஞ்சு மணிக்கு அடுப்படிக்கும் சன்னலுக்கும் நடக்கும். பஸ்ஸுக்குப் போறப்ப படியில ரெண்டு ரெண்டாத் தாண்டி எறங்கும். மழை வந்தா ஏனம் வைக்கிற சத்தம். மொதல்ல குண்டான், அப்புறம் வாளி, கடைசியில தகரப் பேணி. தையக்காரரு வச்சா வரிசை மாறிப் போகும். இவ வச்சா மாறாது. இவ அம்மா செத்த வாரம் பூரா நடந்துச்சு. அந்த வாரம் நான் கம்பத் தொடல."

இன்னொரு மத்தியஸ்தர், அவ்வளவு ஒழுகுற வீட்டையா வாடகைக்கு விட்டிருக்கீங்க என்று கேட்டார்.

"அந்த வாடகைக்கு ஒழுகாத வீடு எங்கங்க இருக்கு?" என்றார் முதலாளியம்மா. அறையில் எல்லாரும் சிரித்தார்கள், மகன் உட்பட.

என்னை வாடகைக்காரியாக ஒத்துக்கொள்வதாக ஒரு தாள் எழுதினார்கள். முதலாளியம்மா நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். உடனே போய் இடாப்பில் பேரை மாற்றுங்கள் டீச்சர், இல்லாவிட்டால் மறுபடியும் இங்கேதான் வருவீர்கள் என்றார் தபால் அதிபர். வெளியே வந்ததும் மகன் என்னிடம், "அம்மா இருக்கிற வரைக்கும் இருங்க டீச்சர். அதுக்குப் பொறகு கோர்ட்டுல பாத்துக்குவோம்" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து முதலாளியம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கினேன். மூச்சு வாங்க எங்கள் படிக்கட்டின் கீழ்ப் படியில் உட்கார்ந்தார். மகன் வண்டிக்காரருக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தார். நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"கேட்டதுக்கு உள்ளதச் சொன்னேன். கேக்காதது ஒண்ணு இருக்கு. வாடகைய ஏன் சபையில கட்டுன?"

"ஒங்க மகன் வாங்கலைங்க. அதான்."

"கட வாடக அவன் கைக்குப் போகுது. மாடி வாடகைய, ஒன் செலவுக்கு வச்சுக்கன்னு எம் புருசன் எனக்கு விட்டது. ஒங்க அப்பா ஒண்ணாந்தேதி வந்து என் கையிலதான் குடுப்பாரு. அதுலதான் பிரசர் மாத்திர வாங்குவேன். ஒரு காலத்துல மாசம் பூராவுக்கும் வந்துச்சு. அப்புறம் பாதிக்கு வந்துச்சு. சரி, வந்த மட்டும் குடிச்சேன். எட்டு மாசமா அதுவும் இல்ல."

"மகன்கிட்டக் கேட்டிருக்கலாமேங்க."

"கேட்டா தருவான். கேட்டு வாங்குறது வேற புள்ள."

டிராயரில் நான் அடுக்கி வைத்த ரசீதுகள் ஞாபகம் வந்தன. அந்த எட்டு மாதமும் நான் கட்டடத்தோடும் சட்டத்தோடும் மகனோடும் சண்டை போட்டதாகத்தான் நினைத்திருந்தேன். அவமானமாக இருந்தது. மேலே போய் நடக்கவும் முடியவில்லை, காலடி அவருக்குக் கேட்குமே என்று.

திங்கட்கிழமை கிராம சேவகரிடம் படிவத்தில் என் பேரை எழுதிக் கொடுத்தேன். அவர் என்னைவிடச் சந்தோஷப்பட்டார். சித்தப்பாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"அப்ப இங்க வெட்டிரவா?"

"வெட்டிருங்க சித்தப்பா."

"ஒங்க அப்பா கேட்டா நான் என்னா சொல்றது?" என்றார். இறந்தவரைப் பற்றித்தான் பேசுகிறோம் என்பது இரண்டு பேருக்குமே மறந்துவிட்டது.

அங்கிருந்து நேரே மருந்துக்கடைக்குப் போனேன். முதலாளியம்மாவின் மாத்திரைச் சீட்டை வாங்கி வந்திருந்தேன். ஒரு மாத வாடகையைத் தனியாக எடுத்து மேசையில் வைத்து, இந்தக் காசுக்கு எத்தனை வருமோ அத்தனை கொடுங்கள் என்றேன். கடைக்காரர் என்னையும் காசையும் ஒருமுறை பார்த்தார். கத்தரிக்கோலை எடுத்து அட்டையிலிருந்து நறுக்கி நீட்டினார். நாலு மாத்திரை. நாற்பது வருடத்துக்கு மேல் என் தலைக்கு மேலே இருந்த கூரையின் மாத விலை என் உள்ளங்கையில் இருந்தது, மூடினால் தெரியாத அளவுக்கு. மிச்சத்தை என் காசில் வாங்கினேன்.

நறுக்கிய துண்டையும் முழு அட்டைகளையும் அவர் கையில் கொடுத்தேன். எது வாடகை, எது வாடகையில்லாதது என்று கேட்டார். நறுக்கியதைக் காட்டினேன்.

"அப்ப இது என்னா?"

நான் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"பேரு வைக்காத. பேரு வச்சா எம் மகன் அதுக்கும் ஒரு சட்டம் தேடுவான்" என்று சொல்லித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

அதிலிருந்து ஒண்ணாந்தேதி தோறும் அப்படித்தான் கொடுக்கிறேன். ஊரில் சிலர் என்னைப் புண்ணியவதி என்கிறார்கள். கேட்கும்போது கூசுகிறது. அம்மா இருக்கிற வரைக்கும் என்று அந்த மகன் சொன்னது என் காதை விட்டுப் போகவில்லை. நான் வாங்குகிற மாத்திரை அவருக்காகவா, என் மாடிக்காகவா என்று நடந்து நடந்து யோசித்துப் பார்த்துவிட்டேன். பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இப்போது நான்தான் கீழே காது கொடுத்துக்கொண்டிருக்கிறேன். காலையில் அவர் இருமல் கேட்கும், பிறகு குழாய்ச் சத்தம், பிறகு வானொலி. மூன்றும் கேட்ட பிறகுதான் பஸ்ஸுக்குக் கிளம்புவேன். போன வாரம் ஒருநாள் இருமல் கேட்கவில்லை. குழாய்ச் சத்தமும் இல்லை. ஆறு மணி தாண்டியது, பஸ் போயே போய்விட்டது. படியிறங்கிப் போய்க் கதவைத் தட்டப் பயமாக இருந்தது. அவர் கட்டிலுக்கு நேர் மேலே போய் நின்றேன். நடந்தேன். வேகமாக நடந்தேன். பிறகு வெட்கத்தை விட்டுவிட்டு, குதிகாலால் ஓங்கி ஓங்கி மிதித்தேன். சுவரில் மாட்டியிருந்த அப்பாவின் படம் ஆடியது. "இடிங்க, இடிங்க" என்று முனகிக்கொண்டே மிதித்தேன்.

கீழேயிருந்து கம்பு இரண்டு முறை இடித்தது.

நான் அங்கேயே, அந்தப் பலகை மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.